கமிஷனர் எழுதலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது

சிவில் கோர்ட்டில் ஜூனியர் வழக்கறிஞருக்குக் கமிஷன், அதாவது கோர்ட்டுக்காக இடத்தைப் பார்த்தோ சாட்சியைக் கேட்டோ எழுதிவரும் கமிஷனர் வேலை, வந்தால் தனி மகிழ்ச்சி. சீனியருக்காக வாய்தா வாங்கிக்கொண்டிருந்தவரின் பெயர் வாரண்டில், அதாவது கோர்ட்டின் நியமன உத்தரவில், ஏறுகிறது. ஊரில் போய் இறங்கினால் 'ஜட்ஜ் அனுப்பிய ஆள்' என்று நாற்காலி போடுவார்கள். நான் உட்காருவதில்லை. அது யார் வீட்டு நாற்காலி என்று எதிர்த்தரப்புக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வண்டிப்பாதைத் தாவா. கிணற்றுக்குப் போக அதுதான் வழி என்பது வாதியின் கட்சி. பாதையே கிடையாது என்பது பிரதிவாதியின் கட்சி. இருதரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்து, சர்வேயரோடு போனேன். பாதை என்று காட்டப்பட்ட இடத்தில் வாழைக்கன்றுகள் நின்றன.

"நேற்று இரவு நட்டவை, எழுதிக்கொள்ளுங்கள் சார்" என்றார் வாதி.

"எப்போதும் இங்கே வாழைதான்" என்றார் பிரதிவாதி.

நான் எழுதியது இவ்வளவுதான்: கன்றுகளின் உயரம் சுமார் இரண்டடி, தூரடி மண் ஈரம், சுற்றிலும் காய்ந்த மண், வாழை வரிசைக்கு இருபுறமும் கீழ்மேலாக அழுந்திய சக்கரத் தடங்கள், கிணற்றருகே முடிகின்றன. 'புதிதாக நட்டவை' என்று சேர்க்கக் கை துறுதுறுத்தது. அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9 கமிஷனரை அனுப்புவது இடத்தைப் பார்த்துவரத்தான். சொத்து யார் கைவசம், அனுபவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க அல்ல. ஒரு தரப்புக்குச் சாட்சியம் திரட்டித் தரவும் அல்ல. உயர் நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் அதே கோரிக்கை வேறு சட்டை போட்டுக்கொண்டு மனுக்களில் வந்தபடிதான் இருக்கிறது.

2002 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாட்சியின் குறுக்கு விசாரணையையும் கமிஷனரே பதிவு செய்யலாம். கிட்டத்தட்ட நீதிபதியின் இருக்கை. சாட்சி தடுமாறினால் அந்த நடத்தையையும் குறித்து வைக்கலாம். ஆனால் ஆட்சேபணை எழுந்தால் பதிவு செய்யலாமே தவிர, முடிவு சொல்ல முடியாது. அது வாதுரையின்போது நீதிமன்றத்தின் வேலை. வழக்கறிஞர்கள் இருவர் மேசைக்கு இருபுறமும் கத்த, நடுவில் வாயை மூடிக்கொண்டு எழுதுவது சாமானியமான காரியமில்லை.

அறிக்கை தாக்கலானதும் அதுவே வழக்கில் ஒரு சாட்சியம். தேவைப்பட்டால் கமிஷனரையும் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள். இருதரப்பும் ஆட்சேபணை போட்டால் அறிக்கை சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பார் என் சீனியர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இருவருமே ஆட்சேபிக்கும் அளவுக்கு மோசமாகவும் எழுத முடியும். அப்படியொரு அறிக்கையை ஒதுக்கிவிட்டு, அதே நிலத்தை மறுபடி அளந்துவர என்னை அனுப்பியிருக்கிறார்கள்.