சின்ன விமானம் வந்து இறங்கும்போது

வாடகைக்குத் தனி விமானம் அனுப்பும் சார்ட்டர் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் வேலை என்றால் பாதி நேரம் போனிலேயே போய்விடும். நாளைக் காலை சென்னையிலிருந்து ஒரு கிங் ஏர் (ஏழெட்டுப் பேர் உட்காரும் எங்கள் இரட்டை எஞ்சின் விமானம்) வெளியூர் போகிறது என்று முடிவானதும், ஃப்ளைட் பிளான் போடுவது, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்குவது, வானிலை பார்ப்பது எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே முடிந்துவிடும். அப்புறம்தான் நிஜமான வேலை தொடங்கும். இறங்கப்போகும் ஊரில் டவர் எத்தனை மணி வரை இருக்கும்? நிறுத்த இடம் உண்டா? எரிபொருள் நிரப்பும் பௌசர் லாரியில் எந்த நாசில் (குழாய் முனை) மாட்டியிருக்கிறது? நோயாளி வந்தால் ஆம்புலன்ஸை விமானத்துக்குப் பக்கத்தில் விடுவார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வோர் ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த ஆள் மாற்றலாகிப் போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

வெளியூர் விமான நிலையங்கள் சின்ன விமானங்களுக்குச் சரிப்படாது என்று எங்கள் தொழிலில் பொதுவாக ஒரு பேச்சு உண்டு. ஓடுபாதையை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. கோவையில் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் இருக்கிறது. திருச்சியில் சுமார் 2,480, மதுரையில் சுமார் 2,285. சேலத்துக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் 1,800 மீட்டர். தூத்துக்குடி வாகைக்குளத்தில் ரொம்ப காலம் 1,350 மீட்டரே இருந்தது. இப்போது அது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். கிங் ஏர் போன்ற இரட்டை டர்போபிராப்புக்கு (டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லர் சுற்றும் விமானம்) பழைய 1,350 மீட்டரே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. சித்திரை வெயிலில், காற்று லேசாகி எஞ்சினும் இறக்கையும் திணறுகிற மதிய நேரத்தில்தான் கணக்குப் போட்டு ஒரு பயணியையோ கொஞ்சம் எரிபொருளையோ குறைப்போம். ஆக, கான்கிரீட் போதுமான அளவு இருக்கிறது. சின்ன விமானம் ஒன்று வந்து இறங்கினால் அதைக் கவனிப்பது யார் வேலை என்று யாருக்கும் ஒதுக்கி வைக்கவில்லை. என் அனுபவத்தில் குறை அங்கேதான்.

தனி விமானம் என்றாலே பணக்காரர் சொகுசு என்று நினைப்பது இயல்பு. சொகுசுப் பயணங்களும் உண்டுதான். ஆனால் நான் அனுப்பிவைத்த விமானங்களில் பெரும்பாலானவை அவசரத்தில் கிளம்பியவை. தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் நின்றுபோய், அதைச் சரிசெய்யும் வெளிநாட்டு இன்ஜினீயரை அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கும். திருப்பூர் பின்னலாடைக்காரர் ஒருவர் ஒரே நாளில் மூன்று ஊரில் ஆட்களைப் பார்த்துவிட்டு இரவு வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். தென் மாவட்டத்திலிருந்து வென்டிலேட்டரோடு ஒரு நோயாளியைச் சென்னை மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இவை எதுவும் ஏர்லைன் கால அட்டவணைக்குள் அடங்காது.

அதனால்தான் நேரம் எங்களுக்கு முதல் பிரச்சினை. சிறிய நிலையங்களில் டவர் ஆட்கள், தீயணைப்புக்காரர்கள் எல்லாருக்கும் ஷெட்யூல்டு விமானங்களை, அதாவது கால அட்டவணைப்படி வரும் ஏர்லைன் விமானங்களை ஒட்டித்தான் ஷிப்ட் போடுகிறார்கள். ‘வாட்ச் அவர்’ எனப்படும் அந்தப் பணி நேரம் முடிந்த பிறகு இறங்க வேண்டுமென்றால் நீட்டிப்பு கேட்டு எழுத வேண்டும், அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும், ஆட்கள் இருந்தால்தான் கிடைக்கும். முன்கூட்டியே தெரிந்த பயணத்துக்கு இது ஒரு சிரமமே இல்லை. மாரடைப்பு முன்கூட்டியே தெரிவதில்லையே. மதுரை 2024 அக்டோபரில் 24 மணி நேர நிலையமானபோது, இரவில் ஏர்லைன்கள் வருமா என்பதுதான் எல்லா இடத்திலும் பேச்சாக இருந்தது. எங்கள் அறையில் வேறு ஒரு நிம்மதி. இனி ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டாக்டர் கூப்பிட்டால், “காலை விடியட்டும் சார்” என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கருவிகள். வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ய விமானத்தின் பேட்டரியே போதும். ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற விமானத்தைப் பேட்டரியில் ஸ்டார்ட் செய்ய விமானிகள் விரும்ப மாட்டார்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுழலும், உள்ளே வெப்பம் வரம்பைத் தாண்டும் அபாயம் உண்டு. தாண்டினால் செலவு லட்சங்களில். எனவே வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஜி.பி.யு. வண்டியைக் கேட்போம். கிங் ஏருக்கு வேண்டியது 28 வோல்ட் டி.சி.; அதன் பிளக்கில் மூன்று துளைகள். ஏர்பஸ்ஸுக்கு 115 வோல்ட் ஏ.சி.; பிளக்கில் ஆறு துளைகள். “ஜி.பி.யு. இருக்கிறதா?” என்று போனில் கேட்டால், “இருக்கு சார்” என்று மனதாரச் சொல்வார்கள். வண்டியும் சரியான நேரத்துக்கு வரும். கேபிளை இழுத்து விமானத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் துளைகள் பொருந்தாது என்று தெரியும். ஏர்லைன்கள் ஓட்டும் சிறிய விமானமான ஏ.டி.ஆரும் 28 வோல்ட் டி.சி.யில் ஸ்டார்ட் ஆவதால், ஏ.டி.ஆர். வந்துபோகும் சின்ன ஊரில் எங்களுக்கு வேண்டிய வண்டி இருந்துவிடும். ஏர்பஸ் மட்டுமே வரும் பெரிய ஊரில் இருக்காது. பெரிய நிலையம் என்றால் வசதியும் அதிகமாக இருக்கும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. டி.சி. வண்டி கிடைத்தாலும் ஆம்பியர் வரம்பைக் குறைத்து வைக்கச் சொல்ல வேண்டும், ஏ.டி.ஆருக்கு வைத்த அளவிலேயே கொடுத்தால் சின்ன விமானத்தின் ஸ்டார்ட்டர் தாங்காது.

எரிபொருளிலும் இதே கதை. பெரிய விமானங்களுக்கு இறக்கையின் அடியிலோ உடலின் பக்கவாட்டிலோ ஒரே இடத்தில் குழாயைப் பூட்டி அழுத்தத்தில் ஏற்றுவார்கள். கிங் ஏரில் இறக்கையின் மேல் மூடியைத் திறந்து, ஸ்கூட்டருக்குப் போடுவதுபோல நாசிலை உள்ளே விட்டு நிரப்ப வேண்டும். பௌசரில் அதற்கான ஓவர்விங் குழாய் தனிச் சுருளில் இருக்கும். மாதக்கணக்கில் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஓர் ஊரில் அந்தச் சுருளைக் கழற்றி ஸ்டோரில் வைத்திருந்தார்கள். பௌசர் ஓட்டும் தம்பி வெயிலில் ஓடிப்போய் அதை எடுத்துவந்து மாட்டி, குழாயில் தேங்கியிருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு, நீர் கலந்திருக்கிறதா என்று கேப்ஸ்யூல் வைத்துப் பார்த்து, எர்த் வயரைக் கவ்வ வைத்து, அதன் பிறகுதான் மூடியைத் திறந்தார். ஒரு படியையும் அவர் தாண்டவில்லை. விமானம் நாற்பது நிமிடம் தாமதமானது. அவர் மேல் எனக்கு மரியாதைதான் கூடியது. அந்த நாற்பது நிமிடம், யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை அந்தக் குழாயை ஓட்டிப் பார்த்திருந்தால் மிச்சமாகியிருக்கும்.

பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் பாடு இன்னும் மோசம். அவற்றுக்கு வேண்டிய ஆவ்கேஸ் பெட்ரோல் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் முழுக்க இறக்குமதிதான். 2022இல்தான் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது.

கட்டண விஷயத்தில் எனக்கு நீண்ட நாள் ஆதங்கம் ஒன்று உண்டு. 80 இருக்கைகளுக்குக் குறைவான விமானத்தை உள்நாட்டு ஷெட்யூல்டு ஏர்லைன் இயக்கினால், இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. 70 பேர் வரும் ஏ.டி.ஆர். இலவசமாக இறங்கும். அதன் எடையில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லாத எங்கள் கிங் ஏர் கட்டணம் கட்டும். எரிபொருள் வரியிலும் அப்படித்தான். 40,000 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்கு விற்கும் ஏ.டி.எஃப். (விமான டர்பைன் எரிபொருள்) மீதான வரிக்கு மத்திய விற்பனை வரிச் சட்டம் 5 சதவீத உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த விமானத்தை ஓட்டுவது ஷெட்யூல்டு ஏர்லைனாக இருக்க வேண்டும். நாங்கள் நான்-ஷெட்யூல்டு, தமிழ்நாட்டில் 29 சதவீதம் வாட் கொடுத்துத்தான் நான் பில் பார்த்துப் பழகியிருக்கிறேன். சாதாரண மக்கள் ஏறும் விமானத்துக்குச் சலுகை கொடுப்பதில் தவறே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். நோயாளியை ஏற்றிவரும் விமானத்தையும் உல்லாசப் பயணம் போகும் விமானத்தையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஆம்புலன்ஸ் பறப்புக்காவது ஒரு தனி விதி வேண்டும்.

நிறுத்துமிடம் இல்லாததால் வரும் செலவு பயணிகளுக்குத் தெரியாது, பில்லில்தான் தெரியும். பயணிகளை இறக்கிவிட்டு, மாலை அவர்கள் திரும்பும்வரை அங்கேயே நிற்க இடமில்லை என்றால், விமானம் காலியாகப் பக்கத்து ஊருக்குப் பறந்துபோய் நின்றுவிட்டு மறுபடி காலியாக வர வேண்டும். ஒரு பயணத்துக்கு இரண்டு வெற்றுப் பறப்பு. தேர்தல் நேரத்தில் இது உச்சத்துக்குப் போகும். தலைவர்களின் ஜெட்டுகளும் ஹெலிகாப்டர்களும் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது ஏப்ரன் (விமானங்கள் நிற்கும் தளம்) மேனேஜர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். ஏர்லைன் விமானத்துக்கு அளவெடுத்து வரைந்த ஒரு நிறுத்தக் கட்டத்தில் இரண்டு மூன்று சின்ன விமானங்களைச் சாமர்த்தியமாகப் பொருத்தி நிறுத்துவார்கள். தேர்தலுக்கு முடிவது மற்ற நாட்களிலும் முடியும்.

ஆம்புலன்ஸ் விஷயம் வேறு மாதிரி. வண்டி விமானத்துக்குப் பக்கத்தில் வர, வண்டிக்கு அனுமதி வேண்டும், ஓட்டுநருக்கு அடையாளச் சீட்டு வேண்டும், ஏப்ரனில் ஓட்டத் தெரிந்த நிலைய ஆள் ஒருவர் வழிகாட்ட வேண்டும். எல்லாம் நியாயமான பாதுகாப்பு விதிகள். வண்டி எண்ணையும் பெயர்களையும் முந்தின இரவே அனுப்பிவிடுவோம். ஒருமுறை, தென் மாவட்ட நிலையம் ஒன்றில், கடைசி நேரத்தில் மருத்துவமனை வேறு வண்டியை அனுப்பிவிட்டது. வாசலில் காவலர் நிறுத்திவிட்டார்; காகிதத்தில் இருந்த எண் வேறு. அவர் செய்தது சரி. வண்டிக்குள் நோயாளியாக இருந்த அம்மாவுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் சென்னையிலிருந்து போனில், “சார், கொஞ்சம் பெரிய அதிகாரிகிட்ட கொடுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிலையத்தின் அதிகாரி ஒருவர் தன் அறையிலிருந்து வாசலுக்கே இறங்கி வந்தார். புது எண்ணைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியை முழுக்கச் சோதிக்கச் சொன்னார். அப்புறம் தானே ஜீப்பில் ஏறி முன்னால் போனார். விமானத்தின் குறுகிய கதவு வழியாக ஸ்ட்ரெச்சரைத் தூக்கிச் சாய்த்து ஏற்றும்போது, சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்ததும் அவர்தான் என்று எங்கள் கேப்டன் பிறகு சொன்னார்.

அந்த அதிகாரி இப்போது வேறு ஊரில் இருக்கிறார். அவரைப் போன்ற ஒருவர் அமைவது எங்கள் அதிர்ஷ்டமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமான நிலையங்கள் 5,000 அளவில் உண்டு. ஏர்லைன் விமானம் வந்துபோவது அவற்றில் சுமார் 500இல்தான். மற்றவற்றில் பல, சின்ன விமானங்களுக்கென்றே எரிபொருள், நிறுத்தம், காத்திருக்க அறை என்று கடை விரித்திருக்கும் நிறுவனங்களால் நடக்கின்றன. அந்த அளவுக்கு இங்கே உடனே வராது. டெல்லியில் 2020இல் தனி விமானங்களுக்கென்று ஒரு முனையமே வந்தது. பெங்களூரில் பழைய எச்.ஏ.எல். நிலையம் 2008இல் ஏர்லைன்களை இழந்த பிறகும் இப்படிப்பட்ட விமானங்களுக்கு உதவுகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் 2,000 மீட்டருக்கு மேல் நீளமுள்ள தனியார் ஓடுபாதை ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. தூத்துக்குடியில் புது முனையம் வந்தபின், அந்தப் பழைய சின்னக் கட்டடத்தைத் தனி விமானப் பயணிகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒதுக்கினால் என்ன என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஓர் எக்ஸ்ரே, ஒரு வாசல், ஒரு பொறுப்பாளர். அவ்வளவு போதும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு பறப்பு முடிந்ததும் கேப்டனிடம் கேட்டு, அந்த நிலையத்தில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று அரைப் பக்கம் எழுதி அந்த நிலையத்துக்கே அனுப்புகிறோம். புகாராக எழுதுவதில்லை, கிடைத்த உதவிக்கு நன்றியையும் சேர்த்தே எழுதுவோம். இரண்டு ஊர்களில் பலன் தெரிகிறது. ஒன்றில் ஓவர்விங் குழாயை மறுபடி நிரந்தரமாக மாட்டிவிட்டார்கள். இன்னொன்றில் விமானத்தின் தரைப் பணிகளைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் கம்பெனி தன் இன்னொரு நிலையத்தில் சும்மா கிடந்த டி.சி. வண்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அடுத்ததாகக் கேட்டிருப்பது, வண்டி எண் மாறினாலும் ஆம்புலன்ஸை யார் கையெழுத்தில் உள்ளே விடலாம் என்பதை எழுத்தில் முடிவு செய்து ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பெயரைக் கொடுங்கள் என்று. மூன்று நிலையங்களுக்கு எழுதியிருக்கிறோம். ஒன்றிலிருந்து, பாதுகாப்புப் பிரிவோடு பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.