கிண்ணத்தில் பாம்பு

மார்ச் 4, பினாங்கு
அம்மாவின் எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிகிறதாம். ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் நாள் கிடைத்தது.

மார்ச் 5
இருமல் குறையவில்லை.

மார்ச் 6
சீனாவின் ஹான் பேரரசுக் காலத்தில் யிங் ஷாவ் என்பவர் எழுதிவைத்த கதை இரவு முழுவதும் மனத்தில் ஓடியது. விருந்துக்குப் போன தூ சுவான் என்பவர், வடக்குச் சுவரில் மாட்டியிருந்த செந்நிற வில்லின் சாயல் மதுவில் விழுந்ததைப் பாம்பென்று எண்ணி, மறுக்க அஞ்சிக் குடித்துவிட்டு, வயிற்றுவலியில் படுத்துவிடுகிறார். எந்த வைத்தியத்துக்கும் தீராத அந்த நோய், அதே இடத்தில் மறுபடி கிண்ணத்தை வைத்து வில்லைக் காட்டியதும் தீர்ந்துபோகிறது. வீண் பயத்துக்குச் சீனர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் சுவரில் வில் இருந்ததால் தூ சுவான் பிழைத்தார். எங்கள் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று யார் பார்த்தது?

மார்ச் 7
மணிக்கொரு முறை காய்ச்சல் பார்க்கிறேன். நாற்று சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றாக இழுத்துவிட்டு, வயலையே வாடவிட்ட சோங் நாட்டு உழவனைப் பற்றிப் பழைய சீன ஞானி மென்சியஸ் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். “அப்படியென்றால் அந்தத் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் போய்த் தூங்கு” என்றார்.

மார்ச் 9
பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கஞ்சியோடு வந்து, நோய் மலை சரிவதுபோல வரும், பட்டிழை உருவுவதுபோலப் போகும் என்று மலாயில் சொன்னார். வெந்நீரில் ஊறிய கூட்டிலிருந்து அறுந்துவிடாமல் இழை எடுக்கும் பொறுமையைப் பழகியவர்கள்தான் இப்படிச் சொல்லியிருக்க முடியும். ஆறுதல் சொல்லாமல் உள்ளதைச் சொல்வதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

மார்ச் 10
எல்லாம் நன்மைக்கே என்று தொலைபேசியில் ஓர் உறவினர் எல்லைப்புறக் கிழவரின் குதிரையை இழுத்துவந்தார். கி.மு. 139இல் பேரரசரிடம் அளிக்கப்பட்ட ‘ஹுவாய்நான்சி’ என்ற சீன நூலில் உள்ள கதை அது: ஓடிப்போன குதிரை இன்னொன்றோடு திரும்புகிறது, அதில் ஏறிய மகன் விழுந்து கால் முறிகிறான், அதனாலேயே போருக்குப் போகாமல் தப்புகிறான். அந்தப் போரில் பத்துக்கு ஒன்பது பேர் மாண்டதாகவும் அதே கதை சொல்கிறது. அவர்களுடைய தாய்மார்களிடம் போய் இதைச் சொல்லட்டும். கால் முறிந்த மகனிடமும் கதையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 11
ஸ்கேன் முடிந்தது. அவசர வலிப்புக்கு ஆற அமர வரும் வைத்தியர் என்றொரு சீன வழக்கு உண்டு. முடிவுக்கு இரண்டு நாள் ஆகுமாம்.

மார்ச் 13
பத்து மணிக்கு என்றவர்கள் இப்போது அழைத்து ஒன்பதுக்கே வரச் சொல்கிறார்கள். ஆன்ட்டி வாசலில் நிற்கிறார். இன்றைக்குப் பழமொழி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல்கிறார் அம்மா.