வாசலில் பார்சல் பெட்டி: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வரும் பார்சலுக்குப் பூட்டுள்ள பெட்டி நல்ல ஏற்பாடு. பலர் கோட்டை விடுவது அளவில்தான். உள்ளே 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரம் இருந்தால் துணி, புத்தகம், காலணிப் பெட்டி எல்லாம் அடங்கும்.

அடுத்தது பூட்டு. திறந்தே கிடக்கும் பெட்டியில் பார்சலை வைத்து, கதவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை மலிவானது. ஆனால் அன்றைக்கே இரண்டாவது பார்சல் வந்தால் அது வெளியேதான் கிடக்கும். கைப்பிடியை இழுத்தால் தட்டு வெளியே சாய்ந்து, மூடியதும் பார்சலைக் கீழே தள்ளும் வகை, நிறையும் வரை எத்தனை வந்தாலும் ஏற்கும். அடிக்கடி வாங்குபவர்களுக்கு இதுதான் சரி. தட்டு சுழலவே நிறைய இடம் போய்விடும் என்பதால் மொத்த உயரம் 1 மீட்டராவது இருக்கட்டும். பார்சல் விழும் இடத்தில் 3 செ.மீ. நுரைப்பாய் போடுங்கள். வெறும் மூடித் திறப்பு மட்டும் உள்ள பெட்டி வேண்டவே வேண்டாம். கையை விட்டு எடுத்துவிடலாம்.

மழைக்கு, கூரை சரிவாகவும் கதவுக்கு மேல் 3 செ.மீ. நீட்டியும் இருக்க வேண்டும். அடித்தட்டின் நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை போடுங்கள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை இருந்தும் துளை இல்லையென்றால் உள்ளே புகுந்த நீர் வெளியேறாது. தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கி வைப்பதும் அவசியம். வெயில் நேராக விழும் இரும்புப் பெட்டி கொதிக்கும். மருந்தை அதில் வைக்கச் சொல்லாதீர்கள்.

போல்ட்டுகளை உள்ளிருந்தே முடுக்க வேண்டும். வெளியே தலை தெரிந்தால் ஸ்பேனர் வைத்திருப்பவன் பெட்டியையே தூக்கிப் போவான். கான்கிரீட்டில், முடுக்கும்போது துளைக்குள் விரிந்து இறுகும் 10 மி.மீ. எக்ஸ்பான்ஷன் போல்ட் நான்கு போதும். உள்ளே வெற்றிடம் உள்ள செங்கல்லில் அது பிடிக்காது, பிசின் வைத்து ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் தேவை.

பெட்டி இருப்பது டெலிவரி செய்பவருக்குத் தெரியாவிட்டால் இத்தனையும் வீண். டெலிவரி குறிப்பில் இப்படி எழுதுங்கள்: “கேட்டுக்கு இடப்புறம் சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே வைத்துக் கதவை அழுத்தவும்.” ஆப்பில் முகவரிக்கான வரைபடக் குறியைக் கைமுறையாக நகர்த்தி வாசலில் வையுங்கள், தானாக விழும் குறி சில வீடுகளுக்குப் பின்தெருவைக் காட்டும். எண் பூட்டின் எண்ணை முகவரி வரியில் போடாதீர்கள். அது லேபிளில் அச்சாகி, வழியில் எல்லாக் கைகளுக்கும் தெரியும்.

ஓடிபி கேட்கும் விலை உயர்ந்த பொருளுக்குப் பெட்டி உதவாது. ஆள் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்; பொருள் கைக்கு வந்த பிறகே ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள்.