கத்தோவிடம் ஒரு வார்த்தை

கேம் செய்ய ஆசைப்படும் இளவட்டங்களின் காதல் கலாட்டா அனிமேக்களில் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களில்) எதை முதலில் பார்க்கலாம் என்று தம்பியின் கூட்டாளிகள் கேட்டால் என் பதில் எப்போதும் சயேகானோதான். டிசம்பரில் கோலாலம்பூர் கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா என்ற அனிமே-காமிக்ஸ் விழாவில் ஒரு மேசை எடுத்து, சொந்த கேமை விற்க வேண்டும் என்று செத்தாபாக் மாமாக் கடையில் தே தாரேக்கை (ஆற்றிய பால் தேநீரை) ஆறவிட்டுத் திட்டம் போடும் பிள்ளைகள் இந்தக் கூட்டாளிகள். (கதையை உடைத்துத்தான் எழுதப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

முதல் பருவம் 2015, இரண்டாவது 2017. மூல நாவலாசிரியர் மருதோ ஃபுமியாகி, காட்சி நாவல் கேம்களுக்கு (படமும் வசனமுமாகக் கதை படிக்கும் கேம்கள்) கதை எழுதிப் பேர் வாங்கியவர். அனிமேவின் திரைக்கதையும் அவர் கைதான். கெடு நெருங்கும்போது ஆளாளுக்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர் எழுதியது என்பது பார்க்கும்போதே புரியும். நாயகன் தொமோயாவுக்கு வரையவும் வராது, எழுதவும் வராது, கேம் மட்டும் செய்தே ஆக வேண்டும். ஓவியத்துக்கு எரிரி, கதைக்கு உதாஹா, இசைக்கு மிச்சிரு. கத்தோ மெகுமி? கூட்டத்தில் கண்ணிலேயே படாத பெண். கேமின் நாயகிக்கு மாதிரியாக அழைத்து வரப்பட்டவள், தானாகவே ஸ்கிரிப்டிங் கற்றுக்கொண்டு மற்றவர்கள் செய்ததையெல்லாம் ஒன்றாகக் கோர்க்க ஆரம்பிக்கிறாள்.

கேம் செய்யும் எங்கள் சின்னக் குழுவில் அந்த வேலை என்னுடையது. ரென்பை என்ற காட்சி நாவல் செய்யும் மென்பொருளில் ஒவ்வொரு வசனத்துக்கும் எந்த முகம், இடப்பக்கமா வலப்பக்கமா, இசை எங்கே நிற்க வேண்டும் என்று வரிவரியாக எழுத வேண்டும். தமிழில் செய்தால் பாடு இன்னும் அதிகம். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோர்க்கத் தெரியாத பழைய பதிப்பில் 'கெ' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி முழுக்க அதோடு மல்லுக்கட்டியவளுக்கு, கத்தோ மடிக்கணினி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகள்தான் அந்தத் தொடரிலேயே பெரிய காட்சிகள்.

இரண்டாம் பருவத்தின் நடுவில் எரிரிக்கு ஓவியம் வர மறுக்கிறது. நாசு என்ற மலைப்பகுதியில் இருக்கும் வீட்டுக்குத் தனியாகப் போய் வரைகிறாள், காய்ச்சலில் விழுகிறாள். தொமோயா அங்கே ஓடுகிறான். கேம் வட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நேரம் கடந்துபோகிறது, அவன் அவள் பக்கத்திலேயே இருந்துவிடுகிறான். மனிதத்தனமான முடிவுதான், நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் கத்தோ கோபப்படுகிறாள். எரிரியைப் பார்க்கப் போனதற்காக இல்லை, கேம் தாமதமானதற்காகவும் இல்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான். அத்தனை நாள் கோர்த்துக் கொடுத்தவளுக்கு அந்த முடிவில் இடமே இல்லை. குரலைக்கூட உயர்த்தாத பெண், பல நாள் முகம் கொடுக்காமல் இருந்து, கடைசியில் உடைந்து அழுகிறாள். காதல் கதையில் இப்படி ஒரு கோபத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்பது 2021இல் வந்த போக்குதாச்சி நோ ரீமேக். 28 வயதில் கேம் தொழிலில் நொடித்துப்போன க்யோயா, பத்து வருடம் பின்னால் போய் 2006இல் கலைப் பல்கலைக்கழக மாணவனாக விழித்தெழுகிறான். கூட்டாளி சுராயுகியின் படிப்புச் செலவுக்காக எல்லாரும் சேர்ந்து ஒரு கேம் செய்கிறார்கள். கெடுவைக் காப்பாற்ற க்யோயா கதையை வெட்டுகிறான், சுருக்குகிறான். கேம் சொன்ன நேரத்தில் முடிகிறது, காசும் வருகிறது. எழுத்தாளனாக வேண்டிய சுராயுகியோ தன்மேல் நம்பிக்கை போய்ப் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். பிறகு க்யோயா 2018இல் கண் விழிக்கும்போது முதல் வாழ்க்கையில் அவன் வியந்த படைப்பாளிகளான அந்தக் கூட்டாளிகள் யாருமே அப்படி ஆகவில்லை. ஓவியம் வரைந்த ஷினோ அகி அவன் மனைவி, ஒரு மகளும் இருக்கிறாள், அவள் மட்டும் வரைவதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டின் சந்தோஷம் தொண்டையை அடைக்கும்.

தொமோயா கெடுவை விட்டு ஆளைக் காப்பாற்றினான், க்யோயா கெடுவைக் காப்பாற்றி ஆளை விட்டான். ரெண்டு பேருமே கூட இருப்பவர்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். தம்பி கூட்டம் இந்த ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சகுராசோ (2012) என்ற தொடரும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் பாரம் வேறு. சொராதா கேம் திட்டத்தை எழுதி அனுப்பி, நிராகரிப்பு வாங்கி, மறுபடி எழுதுகிறான். அவன் தங்கும் அதே மாணவர் விடுதியில் மஷிரோ பிறவி மேதை. காதலும் பொறாமையும் ஒரே நெஞ்சில் கிடக்கும் நிலையை அது நேர்மையாகக் காட்டுகிறது, கேம் செய்யும் வேலை மட்டும் அதில் குறைவு. 1992க்குப் போய் அந்தக் காலக் கணினியில் 16 நிறத்தில் படம் வரையும் 16பிட் சென்சேஷன் (2023) தொழில்நுட்பப் பிரியர்களுக்கு விருந்து, காதல் ஊறுகாய் அளவுதான்.

சயேகானோவின் முடிவு 2019இல் வந்த ஃபைன் படத்தில் இருக்கிறது. கத்தோவின் பிறந்தநாள் அன்று, எரிரியும் உதாஹாவும் வேலை செய்யும் வேறொரு கேமைக் காப்பாற்ற தொமோயா ஒசாகாவுக்குப் போக வேண்டி வருகிறது. இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறான். அப்போதும் அவளுக்கு வலிக்கிறது, அழுகிறாள். சொல்லிவிட்டான் என்பதற்காக அந்த வலியைப் படம் சின்னதாக்கவே இல்லை.