வாரம் ஒன்று, நாள் ஒன்று அல்ல: மலையில் வைட்டமின் டி

ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் சாரல் பிடித்துக்கொண்டால் இருமல் டானிக்கோடு வைட்டமின் டி கேப்சூலும் கேட்டு வாங்குவது கொரோனாவுக்குப் பிறகு வழக்கமாகிவிட்டது. வாங்குவதில் தவறில்லை. வாங்கிய பிறகுதான் கணக்கு தப்புகிறது.

முதலில் இரத்தப் பரிசோதனை. சீட்டில் '25 ஹைட்ராக்சி வைட்டமின் டி' என்று இருக்கிறதா பாருங்கள். '1,25 டைஹைட்ராக்சி' என்றால் அது வேறு சோதனை. குறைபாடு இருந்தாலும் அது இயல்பான அளவையே காட்டக்கூடும், காசுதான் வீண். வெறும் வயிறு தேவையில்லை, அதனால் விடியற்காலைப் பனியில் நடுங்கிக்கொண்டு போக வேண்டாம். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது முடிவைப் பொய்யாக உயர்த்தும். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, 12க்குக் கீழே என்றால் கடும் குறைவு. நானோமோலில் வந்தால் 2.5ஆல் வகுங்கள். நோய்நொடி இல்லாத எல்லாரும் இந்தச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை.

குறைவு என்றால் மருத்துவர் பெரும்பாலும் எழுதுவது 60,000 யூனிட் கேப்சூல், வாரம் ஒன்று, 8 வாரம். கேப்சூல் பட்டையைப் பார்த்ததும் கை தினமும் போட்டுப் பழகிய சத்து மாத்திரையை நினைத்துக்கொள்கிறது. அப்படி 8 நாளில் முடித்தால் 4,80,000 யூனிட் உள்ளே போயிருக்கும். அதையே நீட்டித்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், கடைசியில் சிறுநீரகத்துக்கே கேடு. தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளை வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுவதே பாதுகாப்பு. இது கொழுப்பில் கரைவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகோ பாலோடோ எடுங்கள். வெறும் கட்டஞ்சாயாவோடு எடுத்தால் சரியாக உறிஞ்சாது.

வெயில் விஷயத்தில் மலை ஏமாற்றும். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல்தான். ஆனால் மூடுபனியும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் அதைத் தோலுக்கு விடுவதில்லை. ஜன்னல் கண்ணாடிக்குள் உட்கார்ந்து காய்வது குளிருக்கு இதம், வைட்டமினுக்குப் பயனில்லை. வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கையும் முழங்காலுக்குக் கீழும் வெளியே தெரிய நில்லுங்கள். ஊட்டி கேரட்டில் இந்த வைட்டமின் கிடையாது, அது வேறு கதை. இங்கே விளையும் பட்டன் காளானை நறுக்கி உச்சி வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டியின் ஒரு வகையான டி2 உருவாகும்.

இனி, இது வைரஸ் தொற்றைத் தடுக்குமா என்ற கேள்வி. நோய் எதிர்ப்பு அணுக்களில் இந்த வைட்டமினை ஏற்கும் இடங்கள் உண்டு, கிருமிகளைக் கொல்லும் கேத்தலிசிடின் புரதம் உருவாகவும் அது உதவுகிறது. அதனால் எதிர்பார்ப்பு நியாயமே. 2017இல் 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சளி, காய்ச்சல் போன்ற சுவாசத் தொற்று சற்றுக் குறைந்தது. கடும் குறைபாடு உள்ளவர்களிடம்தான் பலன் அதிகம், அதுவும் தினமும் அல்லது வாராவாரம் எடுத்தவர்களுக்கு. ஒரேயடியாகப் பெரிய அளவு போட்டவர்களுக்கு இல்லை. பிறகு ஆய்வுகள் கூடக்கூட அந்தப் பலன் மெலிந்தது; 2025இல் வந்த தொகுப்பில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக்கூட மிஞ்சவில்லை. கொரோனாவிலும் அப்படியே. பிரேசிலில் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஒரே தடவையில் 2,00,000 யூனிட் கொடுத்தும் தங்கிய நாள் குறையவில்லை. நார்வேயில் சுமார் 34,000 பேரிடம் நடத்திய சோதனையில், வைட்டமின் டி உள்ள மீன் ஈரல் எண்ணெயும் தொற்றைத் தடுக்கவில்லை.

ஆகவே குறைபாட்டை எலும்புக்காகச் சரிசெய்யுங்கள். சளி ஒன்றிரண்டு குறைந்தால் அது உபரி. காய்ச்சல் வந்த அன்று கூடுதலாக ஒரு கேப்சூல் போடுவதால் பலன் எதுவும் இல்லை. தடுப்பூசிக்கு இது மாற்றும் இல்லை.

மறுபரிசோதனை 3 மாதம் கழித்து. அதற்கு முன் எடுத்தால் அளவு இன்னும் நிலைபெற்றிருக்காது. அப்போதும் ஏறவில்லையா? வலிப்புக்கு ஃபெனிட்டாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். இரண்டும் உடலில் உள்ள வைட்டமின் டியை வேகமாகச் சிதைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் முதல் கேப்சூலுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.