செங்கல் வைத்த கட்டில்

ஏப்ரல் 5, 2024, வெள்ளி. இரவு 2.10

தொண்டைவரை புளித்த தண்ணீர். உட்கார்ந்தால் இறங்குகிறது, படுத்தால் ஏறுகிறது. மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டது பத்தரைக்கு: பரோட்டா மூன்று, சால்னா இரண்டு கரண்டி கூடுதலாக. பாத்திரக்கடைக் கணக்கை முடித்துவிட்டு வருகிறவன் வேறு எப்போது சாப்பிடுவதாம்?

அப்பாவும் வாயு என்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 6, சனி

காலையில் எரிச்சலோடு மார்பும் அழுத்தியதால் டாக்டரிடம் போனேன். ஈசிஜி சரியாக இருக்கிறது என்றதும் செருப்பைத் தேடினேன். உட்காரச் சொல்லிவிட்டார். ஒன்று சரியாக இருந்தால் போதாதாம். சில மணி நேரம் கழித்து இன்னொன்று, கூடவே ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. எல்லாம் சரி. இதயம் இல்லை, இரைப்பை.

கேள்விகள்தான் மண்டையில் சுற்றுகின்றன. குனிந்தால் கூடுகிறதா, மாடி ஏறினால் கூடுகிறதா? தாடைக்கோ இடது கைக்கோ வலி போனதா? வியர்த்ததா?

அப்பாவுக்கு வியர்த்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா விசிறினாள். நான் கோலி சோடா வாங்க ஓடினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறதாம். விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு அது தளர்ந்து கிடக்கிறது. நிறையத் தின்றுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே வராமல் என்ன செய்யும்? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும்.

தலையணை மேல் தலையணை வைப்பது வீண். இடுப்பு மடங்கி வயிறு இன்னும் அழுந்தும். கட்டிலின் தலைமாட்டையே ஆறு அங்குலம் உயர்த்த வேண்டும். எதிர்வீட்டை இடித்த குவியலில் நான்கு செங்கல் கேட்டு வாங்கினேன், காலுக்கு இரண்டு. ஒன்றில் பழைய நீலச் சுண்ணாம்பு இன்னும் உதிராமல் இருக்கிறது. யார் வீட்டுச் சுவரோ, என் நெஞ்சைத் தாங்குகிறது.

"ஏங்க, இது கட்டிலா, சறுக்குமரமா?" என்கிறாள். விடியும்போது இருவரும் கால்மாட்டில் கிடந்தோம்.

ஏப்ரல் 8

டாக்டர் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு அரைமணி கழித்துத்தான் சாப்பிட வேண்டும். பத்தாவது நிமிடம் காபி குடித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு. ஹீமோகுளோபின் 9.8. ஆணுக்கு 13க்குக் கீழே போகக் கூடாதாம். முட்டிவலிக்கு என்ன போடுகிறீர்கள் என்றார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி எட்டு மாதமாக விழுங்கும் மாத்திரையின் அட்டையைக் காட்டினேன். அதைத் தன் மேசை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார், பள்ளிக்கூடத்தில் பம்பரத்தைப் பிடுங்கி வைப்பதுபோல. அது இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்தம் கசியும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். 24ஆம் தேதி எண்டோஸ்கோப்பி, வாய்வழியே குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்ப்பார்களாம்.

ஏப்ரல் 11

ரம்ஜான். பக்கத்து பாய் வீட்டு பிரியாணி. மதியம் என்பதால் இரண்டு கை. அந்த வாசனைக்கு இரண்டு கை என்பது அநியாயம்.

ஏப்ரல் 13, சனி

மலம் கறுத்திருந்தது. கால் நடுங்கிவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். தார்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு இருந்ததா? இல்லை. தலைசுற்றல்? இல்லை. இரும்பு மாத்திரையால் கறுக்கும் என்றார். தாராக வந்தாலோ ரத்தவாந்தி எடுத்தாலோ நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வைத்த பிறகு இன்னும் கேட்டிருக்கலாமே என்றிருந்தது.

அக்கா உசிலம்பட்டியிலிருந்து பேசினாள். "தம்பி, எல்லாம் வாயுதான், ஓமத்தண்ணீர் குடி." அந்த வார்த்தையைச் சொல்லாதே அக்கா என்று கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள்? விசிறியது அவள்தானே.

ஏப்ரல் 19

வாக்குச்சாவடி வரிசையில் நாற்பது நிமிடம். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினேன், எரிச்சல் குறைந்தது. மை வைத்தார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

அழகர் ஆற்றில் இறங்கினார். போகாதீங்க என்றாள் மனைவி, போனேன். துருத்தியிலிருந்து பீய்ச்சிய தண்ணீரில் தொப்பலாக நனைந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதும் கூட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். வியர்வையா, ஆற்றுத் தண்ணீரா? மூச்சை எண்ணினேன். வலி இல்லை. ஒரு சிறுவன் பானகம் நீட்டினான். குடித்தேன்.

இரவு பத்துக்குமேல் பட்டினி.

ஏப்ரல் 24

தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். பல்லுக்கு நடுவே வளையம். இடப்பக்கம் படுத்தேன். குமட்டிக் குமட்டிக் கண்ணீர் வந்தது, சில நிமிடம்தான். இரைப்பையில் சின்னப் புண். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்க; வேறு எதற்கு என்று நான் கேட்கவில்லை. புண்ணுக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்க பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984இல் அந்தக் கிருமியையே குடித்தாராம், 2005இல் நோபல் வாங்கினாராம். மகன் போனில் சொன்னான். பேச்சை மாற்றுகிறான் என்று தெரிகிறது.

ஏப்ரல் 27

நாலு நாளாகப் புளிப்பு மேலே வரவில்லை. துணுக்கு எங்கே, யார் மேசையில்?

ஏப்ரல் 29, திங்கள்

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, நாளை வரச் சொன்னார்கள். ஏழரைக்குள் இரண்டு இட்லி. நீலச் சுண்ணாம்புச் செங்கல் ஒரு விரல் நகர்ந்திருந்தது, தள்ளி வைத்தேன்.