கேட்டலினா தண்ணீரை விட்டு எழும்பியது

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேலைதான்: பைத்தான் நிரலில், தண்ணீரில் இறங்கி ஏறும் கேட்டலினா என்ற பழைய விமானத்தைக் கணக்குப் போட்டுத் தண்ணீரிலிருந்து கிளப்பிப் பார்ப்பது. எடை 16 டன், இறக்கைப் பரப்பு 130 சதுர மீட்டர், ஆளுக்கு 1,200 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின், எழும்பும்போது கூடுதல் தூக்கு தர இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் மடல் (ஃபிளாப்) கிடையாது. 1943இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்கு இடையில் எங்கும் இறங்காமல் பறந்தது இந்த விமானம்தான். பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்த்துவிடுவார்களாம். அவ்வளவு பெட்ரோலைச் சுமந்துகொண்டு எப்படித்தான் எழும்பியிருக்கும்? அந்தக் கேள்வியில்தான் உட்கார்ந்தேன்.

முதலில் நீரின் இழுவையையும் காற்றின் இழுவை மாதிரியே எழுதிவிட்டேன். நனைகிற பரப்பு மாறாது என்று வைத்துக்கொண்டது தப்பு. நீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி; விமானம் ஊர்ந்ததோடு சரி. உண்மையில் வேகம் ஏற ஏற இறக்கை எடையைத் தூக்கிக்கொள்கிறது, மிச்சத்தை மட்டுமே தண்ணீர் தாங்குகிறது. அதை எழுதியதும் வேகம் கூடியது. ஆனால் நொடிக்கு 18 மீட்டருக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டது.

இதைத்தான் ‘ஹம்ப்’ என்கிறார்கள். மூக்கு தூக்கி, தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கும் கட்டம் அது. மூக்குக் கோணத்தை 11 டிகிரி வைத்திருந்தேன். அந்த இடத்தில் நீரின் எதிர்ப்பு, நீர் தாங்கும் எடையில் கால்வாசி. எஞ்சின் இழுப்பு அதற்கே சரியாகப் போய்விட்டது. 8 டிகிரிக்கு இறக்கினேன், எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. திரையில் 16லிருந்து 20 மீட்டர் வேகத்துக்கு வர 11 நொடி பிடித்தது; முடுக்கம் (நொடிக்கு நொடி வேகம் கூடும் அளவு) 0.35 மீட்டர் வரை இறங்கிய கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம், படகு மாதிரி இருக்கும் விமான உடலின் அடிப்பக்கத்தில் குறுக்கே அமைத்த படிக்குப் பின்னால் காற்று புகுந்து, பின்பாதி தண்ணீரை விட்டு விலக, படகு வழுக்க ஆரம்பிக்கிறது. கோடு விருட்டென்று மேலே போனது. 48 நொடி, 1,030 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டரில் எழும்பியது!

எதிர்காற்று 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கிலோமீட்டர்) கொடுத்தால் 700 மீட்டரே போதும். காற்று எவ்வளவு உதவி என்பதை இந்த எண் சொன்ன மாதிரி வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது கோணத்தை நானே கையால் கொடுக்கிறேன். அடுத்து மூக்கு தானாக ஏறி இறங்க விட வேண்டும்; அப்போதுதான் விமானம் டால்பின் மாதிரி துள்ளும் ஆபத்து எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்று தெரியும். அந்தச் சமன்பாடு பாதி எழுதியாயிற்று.